ஒன்பதாம் குழியில் இரண்டு கொடி

இதைச் சொன்னதற்காக என்னை மூன்று பேர் பைத்தியம் என்றிருக்கிறார்கள். ஒருவர் டாக்டர், ஒருவர் பாதிரியார், இன்னொருவன் என் சொந்தத் தம்பி. மூவருக்கும் நான் கொடுத்த பதில் ஒன்றுதான். பைத்தியம் பிடித்தவளுக்கு மணி நிமிஷத்தோடு நினைவிருக்குமா? எனக்கு இருக்கிறது. 1943, பிப்ரவரி 11, வியாழக்கிழமை. மதியம் இரண்டு ஐம்பத்திரண்டு.

ஆமாம், மதியம்தான். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வர வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது. என்னிடம் வந்தபோது நான் குடித்த முட்டைக்கோஸ் சூப் வயிற்றில் இன்னும் சூடாக இருந்தது.

என் பெயர் விளாஸ்தா கூபிச்செக். அப்போது வயது இருபத்து நான்கு. அயோவாவில், மார்லோ கிராசிங் லோகோ ஷெட்டில் எஞ்சின் துடைக்கிற வேலை. ஆண்கள் எல்லாம் சண்டைக்குப் போய்விட்டதால் வேறு வழியில்லாமல் பெண்கள் பன்னிரண்டு பேரை எடுத்திருந்தார்கள். தலையில் துணி, காலில் தம்பியின் பழைய பூட்ஸ், முழங்கை வரை கிரீஸ். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நாங்கள் துடைத்தவற்றில் ராணிகள் என்றால் எம்-4 வகுப்பு எஞ்சின்கள்தான். பயணிகள் ரயிலுக்கென்றே 1926-இல் செய்தவை. எண் 1440 முதல் 1451 வரை, மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொரு சக்கரமும் ஆறடி ஏழங்குலம். சக்கரத்தின் உச்சியைத் துடைக்க நான் பெட்டி போட்டு ஏற வேண்டும். ஊரில் அவற்றுக்கு நெட்டச்சிகள் என்று பெயர். சிகாகோ மெயிலைப் பதினான்கு பெட்டிகளோடு மணிக்குத் தொண்ணூறு மைலில் இழுத்துக்கொண்டு போவார்கள். சோளக்காட்டு விவசாயிகள் அதைப் பார்த்துக் கடிகாரம் திருத்தினார்கள்.

பிறகு டீசல் வந்தது. 1939-இல் நெட்டச்சிகளில் எட்டுப் பேரைப் பின்பக்கத் தண்டவாளத்தில் தள்ளி, புகைபோக்கியைப் பலகையால் மூடி, பழைய இரும்புக்காரன் வருவதற்காக நிறுத்திவிட்டார்கள். புல் முளைத்தது. யுத்தம் வந்ததும் திடீரென்று ஞானோதயம். பலகையை எடு, துருவைச் சுரண்டு, தண்ணீர் ஊற்று, இழு! எங்களையும் அதே குளிர்காலத்தில்தான் கூப்பிட்டார்கள். வேண்டுமென்றால் வா ராசாத்தி, வேண்டாமென்றால் போ மூதேவி. எஞ்சினுக்கும் எங்களுக்கும் ஒரே மரியாதைதான்.

இனி அந்தக் கொடியைப் பற்றி. எஞ்சினுக்கு அடியில் குழி இருக்கும். அதில் இறங்கி வேலை பார்க்கிறவர் முதலில் தண்டவாளத்தில் ஒரு நீலக் கொடியை மாட்ட வேண்டும். துணியில்லை, தகரம். அதில் அவரவர் பெயர் வெள்ளைப் பெயின்டில் இருக்கும். கொடி இருக்கிற வரை எஞ்சினை ஓர் அங்குலம் நகர்த்தக் கூடாது. இன்னொன்று, அதுதான் முக்கியம். மாட்டினவர் கைதான் அதை எடுக்க வேண்டும். ஃபோர்மேன் எடுக்கக் கூடாது, பெரிய அதிகாரி எடுக்கக் கூடாது, ஜனாதிபதியே வந்தாலும் எடுக்கக் கூடாது. குழியில் இருக்கிறவன் உயிர் அந்தத் தகரத்தில் இருக்கிறது.

எங்கள் ஃபோர்மேன் க்ரோகன். பெண்கள் ஷெட்டுக்குள் வந்ததை அவன் தன் வீட்டுக் கூடத்துக்குள் பன்றி புகுந்ததுபோல் பார்த்தான். அந்த வாரம் திங்கட்கிழமை எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னான்.

"உங்கள்ல ஒருத்தியால ஒரே ஒரு ரயில் லேட்டானாலும் சரி... பன்னெண்டு பேரும் வீட்டுக்கு. புரிஞ்சுதா?"

என் தோழி ஓபல் ஸ்ட்ராத் என் கையைக் கிள்ளினாள். நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்று பயம். அவளுக்கு இரண்டு குழந்தைகள். புருஷன் பசிபிக்கில் ஏதோ கப்பலில். மூன்று மாதமாகக் கடிதம் இல்லை.

வியாழக்கிழமை. காலையிலிருந்து பனி. மேற்கேயிருந்து வரும் ராணுவ வீரர்களின் ரயிலுக்கு இங்கே எஞ்சின் மாற்ற வேண்டும். 1447 போகிறது. மூன்று ஐந்துக்குள் வெளியே வந்தாக வேண்டும் என்று க்ரோகன் நான்கு தடவை கத்திவிட்டான். டிரைவர் லண்டி ஏற்கெனவே மேலே ஏறி உட்கார்ந்து புகையிலை மென்றுகொண்டிருந்தார். அடுப்பு மூட்டியாகிவிட்டது. 1447 மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு ஒன்பதாம் குழியின் மேல் நின்றாள்.

இரண்டு இருபதுக்கு நான் கொடி மாட்டினேன். கதவுப் பக்கம், வலது தண்டவாளத்தில். அங்கே வேறு கொடி எதுவும் கிடையாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கையில் விளக்கு, பஞ்சு வேஸ்ட், மண்ணெண்ணெய் டின். குழியில் இறங்கினேன். பின்னாலிருந்து முன்னால் துடைத்துக்கொண்டே போனேன். மேலே கொதிகலன் சூடு. பிப்ரவரியிலும் முதுகு வியர்த்தது.

இரண்டு ஐம்பத்திரண்டு. குழியிலிருந்து பார்த்தால் சுவர்க் கடிகாரம் சக்கர இடுக்கில் தெரியும். அதனால்தான் சரியாகச் சொல்கிறேன்.

உஸ்ஸ்ஸ்... என்று ஒரு சத்தம்.

நீராவி கசிகிறது என்று நினைத்தேன். இல்லை. நீராவி சத்தம் எனக்குத் தெரியும். இது கேஸ் கட்டிங் சத்தம். இரும்பை நெருப்பால் அறுக்கிற சத்தம்.

கொஞ்ச நேரத்தில் ரயில் இழுக்கப் போகிற எஞ்சினை யார் அறுப்பார்கள்?

முன்பக்கம் திரும்பினேன். குழியின் அந்தக் கோடியில் நீலமும் வெள்ளையுமாக வெளிச்சம் துடித்தது. எரிந்த இரும்பு வாடை. ஒருவன் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தான். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. மெல்லிய அரைக்கைச் சட்டை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி. இவனுக்கு அரைக்கைச் சட்டை.

புது ஆள் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் பக்கம்தானே படி இருக்கிறது, என்னைத் தாண்டாமல் எப்படி உள்ளே வந்தான் என்று அப்போது தோன்றவில்லை.

பிறகு ஒன்றைக் கவனித்தேன்.

நான் நிற்கிற இடத்தில் எஞ்சின் சூடு. எண்ணெய் மினுக்கம். அவன் பக்கம்... துரு. சக்கரங்களை இணைக்கிற ராடு இல்லை. மொட்டைச் சக்கரம். காலையில்தான் அந்த ராடை நானே துடைத்திருந்தேன்.

கையை நீட்டி மேலே இருந்த இரும்பைத் தொட்டேன். சூடு. ஓரடி தள்ளித் தொட்டேன். இன்னும் சூடு. இன்னும் ஓரடி...

ஜில்லென்றது.

உஸ் சத்தம் நின்றது. அவன் நிமிர்ந்தான். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"கொடி இருக்கா?" என்றான்.

சின்னப் பையன் குரல். இருபது வயது இருக்கலாம். வடக்கத்திப் பேச்சு, இழுத்து இழுத்து.

"என்னோடது இருக்கு" என்றேன்.

"என்னோடது?"

"நான் பாக்கலையே."

"பாத்துச் சொல்லேன். எனக்கு இங்க இருந்து தெரியல."

பயந்த குரல் இல்லை. ஆனால் பதில் வராமல் வேலையைத் தொடங்க மாட்டான் என்று தெரிந்தது. நல்ல வேலைக்காரன் அப்படித்தான் இருப்பான். நான் படியேறினேன். கதவு வழியாகப் பனி உள்ளே அடித்து, தரையில் மாவு கொட்டியதுபோல் கிடந்தது.

தண்டவாளத்தைப் பார்த்தேன்.

இரண்டு கொடி.

ஒன்று என்னுடையது. பக்கத்தில் இன்னொன்று. புதுப் பெயின்ட். ஏ. டாலெஃப்சன் என்று எழுதியிருந்தது. சுற்றிலும் பனியில் ஒரு காலடி கூட இல்லை. என் காலடி மட்டும்தான்.

அப்போதும் எனக்கு முழுசாக உறைக்கவில்லை. கேட்டவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் மனதில் இருந்தது. குழிப் பக்கம் திரும்பி, ஷெட் அதிரும்படி கத்தினேன்.

"இருக்கு!"

மணி இரண்டு ஐம்பத்தெட்டு. உள்ளே உஸ்ஸ்ஸ் என்று மறுபடி தொடங்கியது.

என் வேலை முடிந்திருந்தது. என் கொடியை எடுத்தேன். மற்றதைத் தொடவில்லை. க்ரோகன் ஓடி வந்தான்.

"முடிஞ்சுதா? எஞ்சின் போகலாமா?"

"என் வேலை முடிஞ்சுது. கீழ இன்னொருத்தன் இருக்கான்."

"எவன்?"

கொடியைக் காட்டினேன். பெயரைப் படித்தான். முகம் சுருங்கியது.

"டாலெஃப்சனா? அப்படி ஒருத்தன் இங்க கிடையாதே!"

"கீழதான் இருக்கான். பேசினேன்."

க்ரோகன் குழியில் விளக்கடித்துப் பார்த்தான். இரண்டு தடவை கூப்பிட்டான். பதில் இல்லை. உஸ் சத்தம் என் காதில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அவன் நிமிர்ந்தபோது கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"குழி காலி. எடு கொடிய."

"என்னோடது இல்ல சார்."

"எடுன்னா எடு!"

"மாட்டினவன் எடுப்பான்."

ஓபல் ஓடி வந்து என் தோளைப் பிடித்தாள். அவள் கண்ணில் தண்ணீர்.

"அடியே, உன் கால்ல விழறேன். எடுத்துடு. பன்னெண்டு பேரு பொழப்புடி. யாரும் இல்லன்றாரே!"

"நான் பாத்தேன் ஓபல்."

"என் புள்ளைங்கள நெனச்சுப் பாருடி!"

நினைத்தேன். இல்லையென்று யார் சொன்னது? இவள் குழந்தைகள், என் அம்மாவின் மருந்து, மற்ற பத்துப் பேரின் அடுப்பு, எல்லாம் அந்தத் தகரத்தில் தொங்கியது. ஒரு கையசைவில் எல்லாருக்கும் சோறு. ஆனால் குழிக்குள் ஒருவன் என்னிடம் கேட்டான், நான் இருக்கு என்று சொல்லியிருக்கிறேன். சொன்ன வாய் என்னுடையது.

க்ரோகன் குனிந்து கொடியை எடுக்கப் போனான். நான் தண்டவாளத்தின் குறுக்கே போய் நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் இருநூறு டன் நெட்டச்சி.

"எடுத்துப் பாரு" என்றேன். சார் எல்லாம் போய்விட்டது.

"திமிரு புடிச்சவளே! லண்டி, எஞ்சின எடுய்யா! தானா ஓடுவா!"

மேலே ஜன்னலில் லண்டியின் தலை வந்தது. புகையிலை எச்சிலைத் துப்பினார்.

"நீலம் தெரியுது க்ரோகன். நீலம் தெரியற வரைக்கும் நான் கைய வைக்க மாட்டேன். வேணும்னா நீ ஏறி ஓட்டு."

மூன்று ஐந்து ஆனது. மூன்று ஏழு. க்ரோகன் என்னைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. நான் திருப்பித் திட்டியதையும் எழுத முடியாது.

மூன்று ஒன்பது.

கொடி அசைந்தது.

காற்று இல்லை. நான் குனிந்து பார்த்தேன். என் காலிலிருந்து ஒரு முழம் தள்ளி...

ஒரு பக்கம் சாய்ந்தது.

கிளிப் விடுபடுகிற சத்தம். டிக்.

மேலே எழுந்தது. ஓரடி. இரண்டடி. யாரோ கையில் எடுத்ததுபோல்...

இல்லை.

கொடி இல்லை.

பனியில் அது இருந்த தடம் மட்டும்.

குழியில் உஸ் சத்தம் நின்றது. டக்கென்று நின்றது. எஞ்சின் நகரவில்லை, நான் முன்னாலேயே நிற்கிறேன். ஆனால் கீழே சக்கரம் உருளுகிற சத்தம் கேட்டது.

ஒரே ஒரு உருளல்.

பிறகு ஒன்றுமில்லை.

ஓபல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். க்ரோகன் வெறும் தண்டவாளத்தைப் பார்த்தான். பிறகு என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தான், தகரத்தை நான் மறைத்துவிட்டேனாம். லண்டி எஞ்சினிலிருந்து இறங்கிவிட்டார்.

"இன்னிக்கு இவள நான் ஓட்ட மாட்டேன்" என்றார்.

1443-ஐக் கொண்டுவந்து மாட்டினார்கள். முப்பத்தோரு நிமிஷம் தாமதம். ஆனால் பனியில் மாட்டி ரயிலே நாற்பது நிமிஷம் தாமதமாகத்தான் வந்தது. அதனால் க்ரோகனால் எங்களைத் துரத்த முடியவில்லை. எனக்கு மட்டும் கீழ்ப்படியாமைக்கு நாற்பத்தைந்து குறைப்புள்ளி போட்டான். அறுபது ஆனால் வேலை போச்சு. நான் அதற்குப் பிறகு மூன்று வருஷம், ஒரு புள்ளி கூட ஏறாமல் அவன் கண் முன்னாலேயே வேலை பார்த்தேன்.

அந்தப் பையன் தன் கொடியைத் தானே எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த உருளல் சத்தத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

1946-இல் ஆண்கள் திரும்பினார்கள். எங்களுக்குக் கை குலுக்கி, காப்பியும் கேக்கும் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் போக மாட்டேன் என்று மூன்று மனு போட்டேன். மூன்றும் குப்பைக்குப் போயின. ஓபலுக்கு மட்டும் டெலிபோன் அறையில் இடம் கிடைத்தது. அவள் புருஷன் திரும்பவில்லை. நான் ஷெட்டுக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் சேர்ந்தேன். அங்கே தட்டு கழுவிக்கொண்டே நெட்டச்சிகள் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்தேன். 1950-இல் நான்கு. அடுத்த வருஷம் ஏழு. சிகாகோ மெயிலை இழுத்தவர்களைத் துண்டு துண்டாக வண்டியில் ஏற்றினார்கள். கடைசியில் ஒருத்திதான் மிச்சம். 1447.

1952, ஏப்ரல் 3. மாலை நான்கு பத்து. கடைக்கு டெலிபோன் வந்தது. ஓபல்.

"விளாஸ்தா... பக்கத்துல நாற்காலி இருக்கா? உக்காரு."

"என்னடி?"

"ஒம்போதாம் குழியில ஒரு பையன் செத்துட்டான். கேஸ் கட்டிங் பண்றவன். மினசோட்டாக்காரன், வந்து ரெண்டு மாசந்தான் ஆகுது." அவள் மூச்சு வாங்கினாள். "பேரு... ஆர்லோ டாலெஃப்சன்டி."

நான் உட்காரவில்லை. கையிலிருந்த தட்டு உடைந்தது.

வயது இருபத்தொன்று. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் அவனோடு பேசிய அன்று அவனுக்குப் பன்னிரண்டு வயது. முந்நூறு மைல் தள்ளி ஏதோ பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்திருப்பான்.

ஐந்து நாள் கழித்து கோர்ட் கட்டிடத்தில் மரண விசாரணை. போனேன். முன்வரிசையில் அவன் அம்மா. புது ஃபோர்மேன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான். 1447-ஐ வெளியே இழுக்க அவசரம். குழியில் இரண்டு தடவை கூப்பிட்டேன். பதில் வரவில்லை. காலி என்று நினைத்துக் கொடியை நான்தான் எடுத்தேன். இழுவை எஞ்சின் அசைந்தது மூன்று ஒன்பதுக்கு என்றான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து ஹோபர்ட் என்ற பையன். பக்கத்துக் குழியில் வேலை பார்த்தவன். நகத்தைக் கடித்துக்கொண்டே பேசினான்.

"நாங்க வேலைய நிறுத்தி நிறுத்தித்தான் செய்வோம் சார். ஒவ்வொரு வாட்டியும் அவன் கொடி இருக்கான்னு கேப்பான். பதில் வராம பத்த வைக்க மாட்டான். அன்னிக்கும் கேட்டான்."

"நீ பதில் சொன்னியா?"

"ஏறிப் பாக்கலாம்னு எந்திரிச்சேன் சார். அதுக்குள்ள மேல இருந்து யாரோ இருக்குன்னு கத்தினாங்க. அவன் திரும்பக் குனிஞ்சு பத்த வச்சுட்டான். நானும் உக்காந்துட்டேன்."

"யார் கத்தினது?"

ஹோபர்ட் வாயிலிருந்து நகத்தை எடுத்தான்.

"ஒரு... பொம்பள சார்."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். விசாரணை அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஷெட்டுல பெண்கள் இருக்காங்களா?"

"ஒருத்தரும் இல்ல சார். நாப்பத்தாறுக்கு அப்புறம் ஒருத்தி கூட உள்ள வந்ததில்லன்னு சொல்றாங்க."

நான் எழுந்தேன்.

"அது நான்."

எல்லாத் தலையும் திரும்பியது.

"உக்காரும்மா" என்றார் அதிகாரி.

"உக்கார மாட்டேன். கொடி இருந்துச்சு. என் கண்ணால பாத்துட்டுத்தான் சொன்னேன். அவன் பேரு எழுதியிருந்துச்சு. நான் அதத் தொடல. தொடச் சொன்னவனையும் விடல." ஃபோர்மேன் பக்கம் கையை நீட்டினேன். "எடுத்தது இந்தக் கை. விபத்துன்னு எழுதிடாதீங்க. பைத்தியம்னு வேணா என்னை எழுதிக்குங்க. அத மட்டும் விபத்துன்னு எழுதாதீங்க!"

காவலாளி என் தோளைப் பிடித்தார். உதறினேன்.

அப்போதுதான் ஹோபர்ட்டைப் பார்த்தேன். சாட்சிக் கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார்..." என்றான். "இதே குரல்தான் சார்."